சீனம் படித்த ஊருக்கே மீண்டும் போகலாமா? குன்மிங்குக்குத் திரும்ப நினைக்கும் மாணவருக்கு ஒரு பதில்

கேள்வி: 2018 செப்டம்பர் முதல் ஓராண்டு, யுன்னான் மாகாணத் தலைநகர் குன்மிங்கில் சீனமொழி படித்தேன். எச்.எஸ்.கே. என்ற சீனமொழித் தகுதித் தேர்வில் நான்காம் நிலை தேறினேன். பிறகு ஊரில் வேலை. சீனம் பெரும்பாலும் மறந்துவிட்டது. இப்போது மீண்டும் ஓராண்டு மொழி மாணவராகப் போக வாய்ப்பு வந்திருக்கிறது. தெரிந்த ஊருக்கே போவதா, புதிய நகரத்தைத் தேர்ந்தெடுப்பதா? திரும்பிப் போனால் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்:

குன்மிங்குக்கே போங்கள். ஆனால் அன்று இருந்த அதே தெரு, அதே நண்பர் வட்டம், அதே அன்றாடப் பழக்கம் என்று தேடிப் போவதாக இருந்தால் போக வேண்டாம். நானும் அந்த ஊரில் மொழி மாணவனாக இருந்து, சில ஆண்டுகள் கழித்து மாணவனாகவே திரும்பியவன். இரண்டாம் முறை கற்ற சீனம்தான் இன்று என் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சோறு போடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மறதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கற்ற மொழி முழுவதும் ஒரே அளவில் மறந்துபோவதில்லை. கையால் எழுத்துகளை எழுதும் திறன்தான் முதலில் போகும். பார்த்தால் அடையாளம் தெரியும் எழுத்துகூட எழுதப்போனால் பாதியில் நின்றுவிடும். அடுத்துப் பாடப்புத்தகத்தில் மட்டும் சந்தித்த சொற்கள் போகும். காதில் பதிந்தவை கடைசி வரை நிற்கும். சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு தொனிகளையும் ஒருமுறை காது பிரித்தறியப் பழகிவிட்டால், சில வாரங்கள் அந்த மொழிக்குள் இருந்தாலே அந்தத் திறன் மீண்டு வந்துவிடும். நீங்கள் வாழ்ந்த ஊரில் அது இன்னும் சீக்கிரம் வரும். பல சொற்களை நாம் இடங்களோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். பஸ்ஸின் அறிவிப்புக் குரல், அரிசி நூடுல்ஸ் கடைக்காரர் வரிசையில் நிற்பவரிடம் கேட்கும் கேள்வி, விடுதிக் காவலாளியின் காலை விசாரிப்பு என ஒவ்வொன்றும் பத்து வாக்கியங்களை இழுத்துக்கொண்டு வரும்.

புதிய நகரத்தில் முதல் இரண்டு மாதங்கள் எதில் கழியும் என்று யோசித்துப் பாருங்கள். வழி கேட்பது, சிம் கார்டு வாங்குவது, வங்கியில் வரிசையில் நிற்பது, எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது. இதற்கெல்லாம் தேவைப்படும் சீனம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே வேறொரு ஊரில் மறுபடி பேசி முடிப்பதற்குள் ஒரு பருவத்தின் பாதி போய்விடும். குன்மிங்கில் அந்த இரண்டு மாதங்களும் உங்கள் கையில் மிச்சம். அந்த மிச்சத்தை எங்கே செலவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் திரும்பிப் போவது வீணா, பெரும் பேறா என்பது முடிவாகும்.

இங்கே உங்கள் நான்காம் நிலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியது பழைய ஆறு நிலைத் தேர்வு. அதில் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தரத்தில் ஒன்பது நிலைகள் இருக்கின்றன. அதன்படி இரண்டாம் நிலைக்கே 1,272 சொற்கள் வேண்டும். நான்காம் நிலைக்கு 3,245, ஆறாம் நிலைக்கு 5,456, ஒன்பது வரை போனால் 11,092. சொல் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், நீங்கள் பெருமையோடு வைத்திருக்கும் சான்றிதழ் புதிய தரத்தின் இரண்டாம் நிலைக்கு அருகில்தான் வருகிறது. இது மனம் தளர்வதற்காகச் சொல்வதில்லை. வேலைக்கோ மேற்படிப்புக்கோ உதவும் சீனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் இந்த ஓராண்டைத் திட்டமிட முடியும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எச்.எஸ்.கே. மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதையும் கவனியுங்கள். உதவித்தொகையோ பட்டப்படிப்போ மனத்தில் இருந்தால் புதிதாகத் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

இனி ஊருக்கு வருவோம்.

நீங்கள் விட்டு வந்த குன்மிங்கின் அடிப்படை மாறவில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம், ஆண்டு முழுவதும் மிதமான வெயில், ‘வசந்த நகரம்’ என்ற பெயர், மே முதல் அக்டோபர் வரை மழை. குளிர்காலத்தில் கட்டடங்களுக்குள் வடசீனத்தைப் போல மைய வெப்பமூட்டல் கிடையாது என்பதால், வெளியே வெயிலும் அறைக்குள் நடுக்கமுமாக இருப்பதும் அப்படியேதான். சைபீரியாப் பக்கமிருந்து கடற்காக்கைகள் நவம்பரில் வந்து மார்ச்சில் கிளம்புகின்றன. 1985-இல் முதன்முதலாகக் கூட்டமாக நகருக்குள் வந்தவை, அதன் பிறகு ஆண்டு தவறியதில்லை. சுய்ஹூ ஏரியிலும் தியன்ச்சி ஏரியின் ஹைகெங் கரையிலும் அவற்றுக்கு இரை போடும் கூட்டம் இப்போது முன்பைவிட அதிகம்.

போக்குவரத்து பெரிதும் மாறியிருக்கிறது. மெட்ரோவின் நான்காம் பாதை 2020-இலும், ஐந்தாம் பாதை 2022-இலும் திறக்கப்பட்டன. ஐந்தாம் பாதை சுய்ஹூ ஏரிக்கு அருகிலேயே போகிறது. நீங்கள் இருந்தபோது அந்தப் பகுதிக்குப் போகப் பஸ்ஸை நம்பியிருப்பீர்கள். 2021 டிசம்பர் 3 அன்று லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு 1,035 கிலோமீட்டர் ரயில் பாதை தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் பயணிகள் ஒரே ரயிலில் எல்லை தாண்டிப் போகலாம். தென்கிழக்காசியாவின் வாசல் என்று குன்மிங் தன்னைச் சொல்லிக்கொள்வது நெடுநாள் வழக்கம். இப்போது அந்தப் பேச்சுக்குத் தண்டவாளமே சாட்சி. மொழி மாணவருக்கு இதனால் என்ன பயன் என்றால், எல்லையோர வணிகம், சரக்குப் போக்குவரத்து, சுற்றுலா, மொழிபெயர்ப்பு சார்ந்த வேலைகளும் அவற்றின் பேச்சும் நகரில் கூடியிருக்கின்றன. உங்கள் படிப்பை ஏதாவது தொழிலோடு இணைக்க விரும்பினால் குன்மிங் அதற்கு நல்ல இடம்.

எங்கே குடியிருப்பது என்பதை மிகவும் யோசித்து முடிவு செய்யுங்கள். குன்மிங்கின் பல்கலைக்கழகங்கள் பெரும்பகுதியைத் தெற்கே செங்கோங் புதுநகருக்கு மாற்றிவிட்டன. அகலமான சாலைகள், பெரிய வளாகங்கள், வசதியான விடுதிகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் சுற்றிலும் மாணவர்கள்தான். முதியவர்கள், சிறு வியாபாரிகள், தையல்காரர், சாவி செய்பவர், சீட்டாடும் ஓய்வுபெற்றோர் என்று ஊரை ஊராக்கும் மனிதர்கள் பழைய நகரத்தில் இருக்கிறார்கள். செங்கோங்கிலிருந்து மெட்ரோவில் சுய்ஹூவுக்கு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தினமும் அந்தப் பயணத்தைச் செய்யப்போவதில்லை. இரண்டாம் மாதத்திலேயே வளாகத்துக்குள் அடங்கிவிடுவீர்கள். எனவே எந்த வளாகத்தில் வகுப்பு நடக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். நகருக்குள் வகுப்பு நடக்கும் இடம் கிடைத்தால், பெயர் சற்றுக் குறைந்த கல்லூரியாக இருந்தாலும் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நகருக்குள் என்றதும் வென்லின் தெருவை நினைப்பீர்கள். வெளிநாட்டு மாணவர்கள் கூடும் காபிக் கடைகளும் அதை ஒட்டிய வென்ஹுவா சந்தும் அன்று ஒரு தலைமுறை மொழி மாணவர்களுக்கு வீடு போல இருந்தன. அங்கே குடியேற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தெருவில் உங்கள் ஒவ்வோர் அடியும் பழகியது. கால் தானாகப் போகும், வாய் தானாகப் பேசும், புதிதாக எதுவும் காதில் விழாது. பத்து நிமிட நடைக்கு அப்பால், உங்களுக்குத் தெரியாத ஒரு குடியிருப்பு வளாகத்தில் அறை எடுங்கள். நாள்தோறும் காய்கறி வாங்கும் சந்தை ஒன்று அருகில் இருக்கட்டும். சுவான்சின் சந்தை போன்ற புகழ்பெற்றவை இப்போது சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழிகின்றன. பெயர் தெரியாத சிறு சந்தையில்தான் விற்பவர் உங்களிடம் நின்று பேசுவார். ஆட்டுப்பாலில் செய்யும் ‘ரூபிங்’ என்ற பாலாடைக்கட்டியும் அங்கே கிடைக்கும். நம் பனீரைப் போலவே வறுத்துச் சாப்பிடலாம். சைவ உணவுக்காரர்களுக்கு யுன்னானைவிட ஏற்ற சீன மாகாணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது மனிதர்கள். திரும்பிப் போகும் எவரையும் முதலில் வருத்துவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2018-இல் சீனாவில் 196 நாடுகளைச் சேர்ந்த 4,92,185 வெளிநாட்டு மாணவர்கள் இருந்ததாக அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் கணக்குக் காட்டியது. 2020 மார்ச் 28 அன்று வெளிநாட்டவரின் வருகையைச் சீனா நிறுத்தியது. இந்திய மாணவர்களுக்கு விசா மீண்டும் கிடைத்தது 2022 ஆகஸ்டில்தான். மூத்த மாணவர் இளைய மாணவருக்கு வீடு காட்டி, சைக்கிளை விற்று, ஆசிரியரை அறிமுகப்படுத்திவிட்டுப் போகும் சங்கிலி அந்த இடைவெளியில் அறுந்துவிட்டது. உங்கள் கொரிய, தாய்லாந்து, ஐரோப்பிய வகுப்புத் தோழர்கள் எவரும் அங்கே இருக்கமாட்டார்கள். அவர்களோடு சுற்றிய இடங்களைக் கடக்கும்போது வெறுமை தோன்றும். முதல் மூன்று நான்கு வாரங்களில் ஏன் வந்தோம் என்ற எண்ணம்கூட வரலாம். அது வரும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

ஆனால் சற்று யோசித்தால், உங்கள் முதல் ஆண்டில் நெருங்கிய நட்பில் பெரும்பகுதி வெளிநாட்டவரோடுதானே இருந்தது? மொழி மாணவர்களின் வாழ்க்கை பொதுவாக அப்படித்தான் அமைகிறது. வகுப்பில் ஒன்றாக உட்காருகிறார்கள், விடுதியில் ஒன்றாகச் சமைக்கிறார்கள், ஆங்கிலத்திலோ அரைகுறைச் சீனத்திலோ பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்: வீட்டுக்காரர், பழக்கடை அக்கா, உங்களுக்குத் தனிப்பாடம் எடுத்த ஆசிரியை, பூப்பந்து ஆடிய கூட்டாளி, மொழிப் பரிமாற்றத்துக்கு வந்த கல்லூரி மாணவன். அந்த மாணவன் இன்று மனைவி, குழந்தை, வீட்டுக்கடன் என்று இருப்பான். இவர்களே இம்முறை உங்கள் பல்கலைக்கழகம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். விழா நாள் வாழ்த்துகூட அனுப்பாமல் இத்தனை ஆண்டுகள் போயிருந்தாலும் தயங்க வேண்டாம். மறந்துபோன மாணவன் திரும்பி வருகிறான் என்ற செய்தியைக் குன்மிங்வாசிகள் மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பழகியவர்கள் உங்களை உங்கள் பழைய சீனத்திலேயே வைத்திருப்பார்கள். நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள், எளிய சொல்லாகத் தேடுவார்கள், நீங்கள் பாதி சொன்னதும் மீதியை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். அன்பால் செய்வதுதான் என்றாலும் அதில் மொழி வளராது. இதற்கு நான் கண்ட வழி, பழையவர்களோடு புதிய விஷயங்களைப் பேசுவது. கடைக்கு வெளியே, அவர்கள் வீட்டில் உட்காருங்கள். நோய்த்தொற்று ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள், முதிய பெற்றோரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கடை வாடகை என்ன ஆனது என்று கேளுங்கள். அன்று உங்களால் கேட்க முடியாத கேள்விகள் இவை. அன்று கேட்டிருந்தாலும் பதில் புரிந்திருக்காது. ஒருவரோடு ஏற்கெனவே உறவு இருந்தால்தான் இப்படிப் பேச முடியும். புதிய ஊரில் இந்த இடத்துக்கு வந்து சேரவே ஓராண்டு ஆகிவிடும். தெரிந்த ஊருக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

கூடவே, உங்களை அறியாத இரண்டு மூன்று பேரையும் வாரந்தோறும் சந்திக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பேசுவதற்காக மட்டும் சந்திக்கும் மொழிப் பரிமாற்றம் ஒரு மாதத்தில் வறண்டுவிடும். கையெழுத்துக் கலை, மலையேற்றம், பூப்பந்து, சமையல் என்று ஏதாவது ஒரு காரியத்தைச் சுற்றிக் கூடும் குழுவில் சேர்ந்தால் பேச்சு தானாக வரும். உங்களுக்காக எவரும் வேகத்தைக் குறைக்கவும் மாட்டார்கள்.

தமிழர் என்ற முறையில் குன்மிங்கில் உங்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. யுன்னான் மின்சூ பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்கள் தமிழ் கற்கிறார்கள். இந்தியாவோடு சேர்ந்து 2015-இல் யோகா கல்லூரி தொடங்கியதும் அதே பல்கலைக்கழகம்தான். ஆங்கிலம் தேடும் சீனரோடு பரிமாற்றம் செய்தால் உரையாடல் ஆங்கிலத்துக்கே சரிந்துவிடும். தமிழ் படிக்கும் மாணவரிடம் நிலைமை வேறு. உங்களுக்குச் சீன வாக்கியம் எப்படியோ அப்படியே அவருக்குத் தமிழ் வாக்கியம் கடினம். இருவரும் சம உழைப்பு உழைப்பீர்கள். உங்களுக்கு அவர் தேவைப்படும் அளவுக்கு அவருக்கும் நீங்கள் தேவைப்படுவீர்கள். முதல் வாரத்திலேயே அந்தத் துறைக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது உள்ளூர்ப் பேச்சு. முதல் ஆண்டில் குன்மிங் வழக்கைக் கேட்டு ஒதுங்கியிருப்பீர்கள். எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள், அந்தக் கட்டத்தில் அது சரியும்கூட. இரண்டாம் முறை அதற்குக் காது கொடுங்கள். குன்மிங் பேச்சு தென்மேற்கு மாண்டரின் வகையைச் சேர்ந்தது. அடிப்படை இலக்கணம் நீங்கள் படித்ததுதான். உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘யூ’ உயிரொலி அதில் இல்லை. அந்த இடத்தில் ‘யீ’ வரும். ஆகவே நீங்கள் ‘யூ’ என்று படித்த மழையும் மீனும் ‘யீ’ என்று காதில் விழும். போவதைக் குறிக்கும் ‘ச்சூ’ என்ற வினை ‘க்கெ’ ஆகிவிடும். கேள்வி கேட்கும்போது வாக்கிய இறுதியில் ‘மா’ சேர்க்காமல் வினைக்கு முன்னால் ‘கெ’ என்ற ஒலியை வைப்பார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஒழுங்குகள் பிடிபட்டால் சுய்ஹூ பூங்காவில் காலையில் பாடி ஆடும் முதியவர்களின் பேச்சு பாதிக்கு மேல் புரியத் தொடங்கும். நீங்கள் இந்த வழக்கில் பேச வேண்டியதில்லை, கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். இளையவர்கள் எல்லோரும் வகுப்பில் கற்ற மாண்டரின் பொதுமொழியிலேயே பேசுகிறார்கள் என்பதால் உங்கள் உச்சரிப்பு கெட்டுப்போகும் என்ற அச்சமும் வேண்டாம்.

அந்த முதியவர்களிடம் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அசாமின் லெடோவில் தொடங்கிப் பர்மா வழியாக வந்த சாலையில் முதல் வாகன அணி 1945 பிப்ரவரியில் குன்மிங்கை அடைந்ததும், அதற்கு முன்பு இமயத்தின் மீது பறந்த விமானங்களே நகரத்துக்குப் பொருள் கொண்டுவந்ததும் அவர்கள் தலைமுறைக்குப் பெற்றோர் சொன்ன கதைகள். பீக்கிங், சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஜப்பானுடனான போரிலிருந்து தப்பி வந்து 1938 முதல் 1946 வரை இங்கே ஒரே பல்கலைக்கழகமாக நடந்த வரலாற்றையும் கேளுங்கள். 1957-இல் இயற்பியல் நோபல் பெற்ற யாங், லீ இருவரும் அங்கே படித்தவர்கள். அதன் நினைவிடம் யுன்னான் நார்மல் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகத்தில் இருக்கிறது. முதல் ஆண்டில் படம் எடுத்துக்கொண்டு கடந்திருப்பீர்கள். இம்முறை அங்குள்ள கல்வெட்டையும் விளக்கப் பலகைகளையும் அகராதியோடு உட்கார்ந்து படியுங்கள். எழுத்துநடைச் சீனத்துக்கு அதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடைக்காது.

வகுப்பு விஷயம். சேர்ந்ததும் நிலையறியும் தேர்வு வைப்பார்கள். திரும்பி வருபவர்களின் திறன்கள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. கடைத்தெருப் பேச்சு சரளமாக வரும், ஒரு பக்கக் கட்டுரையைப் படித்து முடிக்க மூச்சு வாங்கும். ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு மேல் வகுப்பில் போட்டால் படிப்பில் திணறுவீர்கள். எழுத்துத் தேர்வைப் பார்த்துக் கீழே போட்டால் பேச்சு வகுப்பில் அலுப்பீர்கள். பல இடங்களில் முதல் இரண்டு வாரத்துக்குள் வகுப்பு மாறிக்கொள்ள விடுவார்கள். அந்த இரண்டு வாரமும் மேல் வகுப்பு, கீழ் வகுப்பு இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் படிப்பும் எழுத்தும் தாங்கும் வகுப்பையே எடுங்கள். பேச்சை ஊர் கற்றுக்கொடுத்துவிடும். நீண்ட வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கவும் கட்டுரை எழுதவும் வகுப்பறையும் திருத்தும் ஆசிரியரும் வேண்டும். நாள்தோறும் அரைப்பக்கம் கையால் எழுதி வாரம் ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள். புதிய தரம் கையால் எழுத வேண்டிய எழுத்துகளை ஒன்பது நிலைக்கும் சேர்த்து 1,200 என்றுதான் வைத்திருக்கிறது. ஓராண்டில் எட்டக்கூடிய எண் அது. வருகைப் பதிவையும் அலட்சியப்படுத்த வேண்டாம், தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது பல்கலைக்கழகம் அதைப் பார்க்கும்.

காகித வேலைகளில் புதியவரைவிடத் திரும்பி வருபவருக்குத்தான் எதிர்பாராத சிக்கல் அதிகம். காரணம் உங்கள் பழைய பாஸ்போர்ட். இடையில் அதைப் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும். சீனாவில் உங்கள் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, அரட்டைக்கும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட் செயலியின் உண்மைப்பெயர்ப் பதிவு, ரயில் டிக்கெட் செயலி எல்லாமே பழைய எண்ணில் கட்டப்பட்டவை. வங்கிக்குப் பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போனால்தான் கணக்கைப் புதிய எண்ணுக்கு மாற்றுவார்கள். விசா விண்ணப்பத்திலும் பழைய சீன விசா உள்ள பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். எனவே அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். முன்பு படித்த இடத்தின் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். அவற்றையும் எடுத்து வையுங்கள். பழைய சீனத் தொலைபேசி எண் இந்நேரம் வேறொருவர் கையில் இருக்கலாம். உங்கள் வீசாட் கணக்கு அந்த எண்ணோடு இணைந்திருந்தால், உள்ளே நுழைய முடியும் நிலையில் இருக்கும்போதே இந்திய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். கணக்கு போனால் உங்கள் பழைய மனிதர்கள் எல்லோரும் அதோடு போவார்கள்.

பணம் செலுத்துவது எளிதாகிவிட்டது. 2023 ஜூலைக்குப் பிறகு வெளிநாட்டு வங்கிகளின் ‘விசா’, ‘மாஸ்டர்கார்டு’ அட்டைகளை வீசாட்டிலும், அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியிலும் இணைத்துக் கடைகளில் செலுத்த முடிகிறது. 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். நண்பருக்குப் பணம் அனுப்ப மட்டும் சீன வங்கிக் கணக்கு வேண்டும். கிளம்பும் முன் உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் திறந்துவிடுங்கள். இந்தியா – சீனா நேரடி விமானங்களும் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கிவிட்டன.

விசா விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். 180 நாளுக்கு மேற்பட்ட படிப்புக்கு எக்ஸ்1 விசா. நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக்கு வெளியே குடியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு. முதல் முறை விடுதி நிர்வாகமே இதைச் செய்திருக்கும் என்பதால் இது உங்கள் பொறுப்பு என்ற நினைவே வராமல் போகலாம். தவறினால் எச்சரிக்கையோ 2,000 யுவான் வரை அபராதமோ உண்டு. வாடகை பேசும்போதே பதிவுக்கு உடன் வருவாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தயங்குபவரின் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

குன்மிங் வேண்டாம், வேறு நகரம் போங்கள் என்று நான் சொல்லக்கூடிய நிலைமைகளும் உண்டு. உங்கள் துறைக்கான மனிதர்களும் நிறுவனங்களும் குவாங்சோவிலோ ஷாங்காயிலோ இருந்தால் நேராக அங்கேயே போவது நல்லது. உச்சரிப்பைச் செதுக்குவதே நோக்கம் என்றால் ஹார்பின் போன்ற வடகிழக்கு நகரங்களில் தெருப்பேச்சே பொதுமொழிக்கு நெருக்கமாக இருக்கும். அங்குள்ள குளிரைத் தாங்கும் உடம்பு வேண்டும். குன்மிங்கில் நீங்கள் எந்த உள்ளூர்க்காரரோடும் நெருங்கிப் பழகவே இல்லை என்றாலும் அந்த ஊர் உங்களுக்கு மற்ற ஊர்களைப் போல இன்னோர் ஊர்தான். அப்போது புதிய இடத்தின் உற்சாகமாவது கூடுதலாகக் கிடைக்கும். இதைத் தீர்மானிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குன்மிங்கில் இப்போதும் வாழும் சீனர்களில், நீங்கள் வருவதாகச் சொன்னால் சாப்பிடக் கூப்பிடக்கூடியவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். மூன்று பெயர் வந்தால் தயங்காமல் போங்கள்.

கடைசியாக, பருவ விடுமுறை. ஜனவரி, பிப்ரவரியில் வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டையொட்டி ஒரு மாதத்துக்கு மேல் வகுப்பு இருக்காது. முதல் ஆண்டில் ஊருக்கு வந்திருப்பீர்கள் அல்லது மற்ற மாணவர்களோடு சுற்றுலா போயிருப்பீர்கள். இம்முறை அங்கேயே இருந்து, பழைய நண்பர் ஒருவரின் சொந்த ஊருக்கு விழாவுக்குப் போக முயலுங்கள். குன்மிங்கில் வேலை செய்பவர்கள் பலர் யுன்னானின் வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். டாலிக்கு விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். லிஜியாங்குக்கும் 2019 முதல் விரைவு ரயில் போகிறது. விழாக்கால டிக்கெட்டுகள் பதினைந்து நாள் முன்னதாக விற்பனைக்கு வரும், வந்த வேகத்தில் தீரும். நண்பரின் ஊர்ப் பெயரும் போகும் தேதியும் தெரிந்தவுடன் செயலியில் பதிவு செய்துவிடுங்கள். அதற்குள் உங்கள் புதிய பாஸ்போர்ட் எண் அந்தச் செயலியில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் செப்டம்பரிலேயே முடித்து வையுங்கள்.